மத்தியானத் தண்ணீர்

சாவிக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகக் காகிதங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. தோளில் எந்நேரமும் ஓர் இரும்புச் சாவி. மார்பளவு உயரம், மேலே குறுக்குப் பிடி, கீழே சதுர வாய். தெருவில் பதிந்திருக்கும் மூடியைத் தூக்கி, குழிக்குள் அந்த வாயை இறக்கிச் சுற்றினால் ஒரு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் போகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நின்றுவிடும். இருபத்தாறு வருடமாக அவர் பிழைப்பு அதுதான்.

அவருடைய அப்பா ஊருக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டி கட்டும்போது செங்கல் சுமந்தவர். கட்டி முடித்ததும் அவரையே காவலுக்கு நிறுத்திக்கொண்டார்கள். தொட்டியின் காலடியில் இரண்டு அறை வீடு. சாவிக்காரரும் அவருக்கு ஐந்து வயது இளைய தங்கையும் அங்கேதான் பிறந்தார்கள். அப்பாவுக்குப் பின் வேலை இவருக்கு வந்தது, வீடும் கூடவே வந்தது. இவருக்கு ஒரே மகள். அவளும் அங்கேதான் பிறந்து வளர்ந்தாள். தொட்டியிலிருந்து நேராக இறங்கும் குழாய் அந்த வீட்டுக்கு. குளோரின் மருந்து வாடை மாறாத தண்ணீர். பல்லில் பட்டால் கூசும். அந்தப் பெண் கல்யாணம் ஆகிப் போகும்வரை வேறு தண்ணீர் குடித்தறியாள்.

தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம் கடைசிச் சந்து. மாப்பிள்ளை தையல்காரர், நல்ல மனிதர், ஆயுள்தான் கெட்டி இல்லை. மகனுக்கு ஒன்பது வயதாகும்போது போய்ச் சேர்ந்தார். தங்கை அதே மிஷினை மிதித்து மகனை ஆளாக்கினாள். அவன் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம்.

அந்தச் சந்து பள்ளத்தில் இருக்கிறது. பெரிய தெரு, பட்டறைத் தெரு எல்லாம் தாண்டி, குழாய் இளைத்து இளைத்து அங்கே போய் முடிகிறது. பக்கத்திலேயே சாக்கடை. குழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு சாண் மண் இருந்தால் பெரிது. காலை ஆறிலிருந்து எட்டுவரை தண்ணீர் என்று உத்தரவு. அந்த இரண்டு மணி நேரத்தையும் மேட்டு வீடுகள் உறிஞ்சிக்கொள்ளும். கடைசிச் சந்தில் குழாய் இருமும், தும்மும், அவ்வளவுதான்.

தங்கை வாய் சும்மா இருக்குமா?

"ஊருக்கெல்லாம் சாவி வெச்சிருக்கிற அண்ணன். கூடப் பிறந்தவ வீட்டுல கால் கழுவத் தண்ணி இல்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்க அண்ணே."

"நான் என்ன பண்றது? தண்ணி மேடு ஏறுமா, பள்ளத்துக்கு ஓடுமான்னு என்னைக் கேட்டா செய்யுது?"

"பள்ளத்துல இருக்கிறது நாங்கதானே. இங்கதான் ஓடி வந்திருக்கணும். அதுக்கே உன் மேல பயம் போல, பாதியிலயே நின்னுடுது."

இப்படிக் கேட்டுக் கேட்டுச் சாவிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆறு வருடம் ஆகிறது அதற்கு. காலை இரண்டு மணி நேரத்தை இரண்டாக வெட்டினார். காலையில் ஒரு மணி நேரம். மத்தியானம் இரண்டு மணிக்கு இன்னொரு மணி நேரம். மத்தியானம் மேட்டு வீட்டுத் தொட்டிகள் எல்லாம் நிறைந்து குழாயை மூடியிருப்பார்கள். தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை, கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். முதல் நாள் கடைசிச் சந்தில் குழாய் கொட்டியபோது பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சாவிக்காரருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் 'காலை ஆறு முதல் எட்டு வரை' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாருக்கும் ஒரு சொட்டு குறையவில்லை, யார் கேட்கப் போகிறார்கள்?

மத்தியானத் தண்ணீர் வரும்போது முதல் இரண்டு குடம் மட்டும் லேசாகக் கலங்கி வரும். "குழாய்த் துரு. அதைக் கீழ ஊத்திடுங்க" என்று சந்தில் சொல்லி வைத்தார். தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்தவர்கள் யார் குடத்தைக் கவிழ்ப்பார்கள்? தெளியவைத்துக் குடித்தார்கள்.

போன வருடம் தங்கை மகனுக்கே தன் மகளைக் கொடுத்தார். "என் வீட்டுக்குத் தண்ணி அனுப்பினே, இப்பப் பொண்ணையும் அனுப்பிட்டே. உனக்கு நான் எந்தக் குறையும் வைக்க மாட்டேன் அண்ணே" என்று தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். வாய்தான் அரம், மனசு அப்படி இல்லை.

அப்படி இருக்கையில்தான் ரத்தம் எடுக்கிறவர்கள் வந்தார்கள்.

சுகாதார ஆபீசிலிருந்து சாவிக்காரருக்கு ஓர் உத்தரவு. இந்த வட்டாரத்தில் நூறு பேரில் எத்தனை பேர் உடம்பில் டைபாய்டு காய்ச்சல் வந்துபோன அடையாளம் இருக்கிறது என்று பார்க்கப் போகிறார்கள்; வீடு காட்ட ஆள் வேண்டும். எந்த வீட்டில் எத்தனை உருப்படி, யார் யாருக்கு என்ன முறை, எந்தக் கதவை எத்தனை மணிக்குத் தட்டினால் திறக்கும் என்றெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர். ஐஸ் பெட்டியும் ஊசியும் கொண்டு வந்த நர்ஸ் சிரித்த முகக்காரி. சந்துப் பெண்கள் அவளுக்கு ஊசிக்காரம்மா என்று பெயர் வைத்தார்கள்.

"ஏம்மா, காய்ச்சல்காரங்களை விட்டுட்டுக் கல்லு மாதிரி இருக்கிறவங்ககிட்ட எதுக்கு ரத்தம்?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"ஐயா, அந்தக் காய்ச்சல் வந்துட்டுப் போனா ரத்தத்துல ஒரு தடம் விட்டுட்டுப் போகும். சில பேருக்கு வந்ததே தெரியாது. நாலு நாள் உடம்பு சுடும், வெயில்னு நினைச்சுக்குவாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை மட்டும் எண்ணினா, வராதவங்களை எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"திருடன் போனப்புறம் கால்தடம் பார்க்கிற மாதிரி."

"அதேதான். நீங்களே வந்து பாடம் எடுத்துடுவீங்க போலிருக்கே."

வீடுகளைக் கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்திருந்தது, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. பட்டறைத் தெருவில் ஒரு கொல்லன், பழுத்த இரும்பைப் பார்த்துக் கண் சிமிட்டாதவன், ஊசியைக் கண்டதும் சுவரோடு சரிந்துவிட்டான். அவன் பெண்டாட்டி விசிறிக்கொண்டே, "ரெண்டு சொட்டு கூடவே எடுத்துக்கோங்க சிஸ்டர், கொஞ்ச நேரமாவது சத்தம் இல்லாம இருக்கட்டும்" என்றாள்.

கடைசிச் சந்தில் தங்கை வீடும் பட்டியலில் இருந்தது. தங்கை கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "எடு எடு. இந்தத் தையல் மிஷின் ஊசிக்கு நான் கொடுக்காத ரத்தமா?" மருமகளைக் காட்டி, "இவகிட்ட எதுக்கு? இவ வந்தே எட்டு மாசம்தான்" என்றாள்.

"வீட்டுல இருக்கிற எல்லார்கிட்டயும் எடுக்கணும்மா" என்றாள் நர்ஸ்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் கொடுத்தாள். கண்ணாடி டியூபில் ரத்தம் ஏறுவதைச் சாவிக்காரர் பார்த்தார்.

ஒன்றரை மாதம் கழித்து சுகாதார ஆபீஸ் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்ன அறை. மேசை நிறைய ஒரு வரைபடம் விரித்திருந்தது. அதில் வட்டாரத்துத் தெருக்கள் எல்லாம் கோடு கோடாக இருந்தன. ரத்தத்தில் தடம் இருந்த ஆளுக்கு ஒரு சிவப்புக் குண்டூசி. பெரிய தெருவில் இங்கொன்றும் அங்கொன்றும். பட்டறைத் தெருவில் கொஞ்சம். கடைசிச் சந்தில் குண்டூசி குத்த இடம் இல்லை.

"பெரிய தெருவுல நூத்துக்குப் பதினெட்டு. கடைசிச் சந்துல நூத்துக்கு எழுபத்தொண்ணு" என்றார் டாக்டரம்மா. "பெரியவங்களுக்கு இருந்தா, என்னைக்கோ வந்த காய்ச்சல்னு சொல்லலாம். அஞ்சு வயசுகூட ஆகாத குழந்தைங்க பத்துல எட்டுக்கு இருக்கு. அப்போ இது பழைய கதை இல்ல. இன்னைக்கும் வந்துட்டே இருக்கு."

சாவிக்காரர் வரைபடத்தையே பார்த்தார். தெருப் பெயர்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தக் குண்டூசிகள் போன வழி அவர் கைக்குத் தெரியும். மூன்றாவது வால்வு, வளைவு, பட்டறை முனை, பள்ளம். குழாய் இளைக்க இளைக்க ஊசி கூடிக்கொண்டே போனது.

"தண்ணியிலதான் வருது" என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "வால்வை மூடினா குழாய் காலியாகும் இல்லையா? காலியான குழாய் சும்மா இருக்காது. விரிசல் வழியா பக்கத்துல இருக்கிறதை உள்ள இழுக்கும். சாக்கடையா இருந்தாலும் இழுக்கும். மறுபடி திறக்கும்போது அதுதான் முதல்ல வரும். எத்தனை தடவை மூடுறீங்களோ அத்தனை தடவை இழுக்கும்." பேனாவை எடுத்தார். "கடைசிச் சந்துக் குழாயை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடுறீங்க?"

ஆறு வருடக் கையெழுத்து சாவிக்காரர் கண்முன்னால் வந்து நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"ஒரு தடவைதாம்மா. காலைல ஆறுல இருந்து எட்டு."

டாக்டரம்மா புருவம் சுருங்கியது. "ஒரு தடவைக்கு இவ்வளவு வரக்கூடாதே. மேட்டுத் தெருவுக்கும் ஒரு தடவைதான், அங்க இவ்வளவு இல்ல. அப்படின்னா மேல எங்கேயோ குழாய் பெருசா உடைஞ்சிருக்கணும். பட்டறை முனையிலிருந்து தோண்டச் சொல்றேன்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் நர்ஸ் எதிர்ப்பட்டாள்.

"ஐயா, உங்க பொண்ணு ரத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க தங்கச்சிக்கு இருக்கு, அக்கம்பக்கம் எல்லாம் இருக்கு. உங்க தங்கச்சி வீட்டு வரிசையில பெரியவங்கன்னு எடுத்தா உங்க பொண்ணு ஒருத்திக்குத்தான் ஒண்ணுமே இல்ல."

"அது நல்லதா சிஸ்டர்?"

நர்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. "இதுவரைக்கும் வரலைன்னு அர்த்தம், ஐயா. இனிமே வராதுன்னு இல்ல. புதுசா வர்றவங்களைத்தான் அது முதல்ல படுக்க வைக்கும்."

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் கடைசிச் சந்துக்குப் போகும் மூன்றாவது வால்வுக் குழி முன்னால் நின்றார். திறக்காமல் இருந்துவிடலாம். திறக்காவிட்டால் சந்து முழுக்க வீட்டு வாசலுக்கு வந்து ஏன் என்று கேட்கும். அந்தச் சத்தம் ஆபீஸ்வரை போகும். மத்தியானத் தண்ணீர் என்று ஒன்று இருந்தது டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு வேலை ஏது, தொட்டிக் காலடி வீடு ஏது? சாவியை இறக்கினார். சுற்றினார். அடியில் தண்ணீர் உறுமிக்கொண்டு ஓடியது.

பட்டறை முனையில் தோண்ட ஆரம்பித்தார்கள். முதல் வாரம் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் வாரம் இன்னும் பத்தடி தள்ளித் தோண்டினார்கள். குழாய் முழுசாக, பளபளவென்று இருந்தது. சாவிக்காரர் தினமும் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதான் மத்தியான வால்வைத் திறக்கப் போனார். தோண்டுகிற ஆட்கள் நிமிர்ந்து, "என்ன மாமா, நீங்களாவது சொல்லக்கூடாதா, எங்க உடைஞ்சிருக்குன்னு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

"என்னங்க, உடம்புக்கு என்ன?" என்பாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. பொண்ணைப் போய்க் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டு வந்துடறேன்."

போனார். தங்கை மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எதுக்கு? என் பையன் லாரியில போயிருக்கான், இவளும் வந்துட்டா நான் சுவத்தோட பேசணுமா?"

"சும்மாதான். அவ அம்மா ஏங்குறா."

"ஏங்கினா இங்க வரட்டும். ஏழு நிமிஷ நடை."

"இல்லன்னா தண்ணியையாவது காய்ச்சிக் கொடு அவளுக்கு."

மிஷின் நின்றது. "நாங்க ஆறு வருஷமா குடிக்கிற தண்ணி உன் பொண்ணு தொண்டையில மட்டும் இறங்காதாக்கும்? ஊசிக்காரம்மா சொன்னாளே, எங்க எல்லார் உடம்புலயும் என்னவோ இருக்காம். காவல் இருக்குன்னு சந்தே பேசிக்குது. இனிமே எங்களுக்குக் காய்ச்சலே கிடையாது, தெரியுமா?"

"அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா."

"நீ ரொம்பக் கண்டே. போய் வேலையைப் பாரு அண்ணே."

உண்மை அவர் வாய்வரை வந்தது. சொன்னால் முதலில் தங்கை முகத்தில் என்ன தெரியும் என்று நினைத்துப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் வால்வைத் திறந்துவிட்டு மனசு கேட்காமல் சந்துக்கு இறங்கினார். குழாயடியில் மகள் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. அப்பாவைக் கண்டதும் ஒரு டம்ளரைக் கழுவித் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

"வெயில்ல வர்றீங்க. முதல்ல குடிங்கப்பா."

வாங்கிக்கொண்டார். லேசான மஞ்சள். வாய்வரை கொண்டுபோனார். கை அதற்கு மேல் எழும்பவில்லை.

"ஏம்ப்பா, தாகம் இல்லையா? சரி, என்கிட்ட கொடுங்க. மாத்திரை போடணும்."

"என்ன மாத்திரை?"

"நாலு நாளா தலைவலி. ராத்திரியானா சுடற மாதிரி இருக்கு. அத்தைதான் வாங்கிக் கொடுத்தாங்க." டம்ளரை அவர் கையிலிருந்து எடுத்து, மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரே மூச்சில் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தட்டிவிடக் கை நீட்டியபோது டம்ளர் காலி.

நெற்றியைத் தொட்டார். அனல்.

திரும்பி நடந்தார். நடை ஓட்டமானது. ஐம்பத்தெட்டு வயது மனிதர் மேட்டுத் தெருவில் ஓடுவதைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வழியில் மூன்றாவது வால்வை மூடினார். மூடும்போதுதான் உறைத்தது, இந்த மூடலும் இழுக்கும் என்று. சாவியைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினார்.

டாக்டரம்மா அறையில் கதவைத் தட்டவில்லை.

"ரெண்டு தடவைம்மா" என்றார். மூச்சு வாங்கியது. "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. ஆறு வருஷமா. ரிஜிஸ்டர்ல இருக்கிறது பொய். உங்ககிட்ட சொன்னதும் பொய். இப்ப என் பொண்ணுக்கே காய்ச்சல்மா."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். கத்துவார் என்று சாவிக்காரர் எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பதினெட்டு நாளா நாங்க வேற இடத்துல தோண்டிட்டு இருக்கோம்" என்றார் மெதுவாக. பிறகு போனை எடுத்து வரிசையாக உத்தரவு போட்டார். சந்துக் குழாயை முனையிலேயே அடைக்க வேண்டும். குடிக்க லாரியில் தண்ணீர் போகவேண்டும். வீட்டுக்கு வீடு மருந்து. அதன்பின் அவரைப் பார்த்தார்.

"உங்க பொண்ணை உடனே கொண்டு வரணும். வண்டி அனுப்புறேன். ஒண்ணு சொல்லுங்க. நாங்க பொறுக்கின வீட்டுலதான் ரத்தம் பார்த்தோம், மத்த வீடு எங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு வருஷத்துல அந்தச் சந்துக்குப் புதுசா வந்தவங்க யார் யார்?"

அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விரலை மடக்கினார். "என் பொண்ணு. பால்காரர் வீட்டு மாடியில குடிவந்த வாத்தியார் ஒருத்தர், தனி ஆள். சலவைக்காரம்மாவோட நாத்தனார், புருஷன் செத்து வந்தவ. கதவு செய்யற ஆசாரியோட ரெண்டாவது மருமக. அப்புறம் கோடி வீட்டுக் குழந்தை. அது வரலை, பிறந்தது. பத்து மாசம் ஆகுது. இப்பத்தான் தண்ணி குடிக்கப் பழகுது."

டாக்டரம்மா ஐந்தையும் எழுதிக்கொண்டார்.

நர்ஸோடு வண்டியில் சாவிக்காரர் வந்து இறங்கியபோது சந்துப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். பாதியில் நின்றுபோன தண்ணீருக்காகக் காத்திருந்தார்கள். "ஏன் அண்ணே, இன்னைக்குக் கால் மணி நேரத்துல நிறுத்திட்டீங்க?" அவர் நேராகத் தங்கை வாசலுக்குப் போனார். நடந்ததை எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார். ஒளித்துச் சொல்லும் காலம் போய்விட்டது.

தங்கை கேட்டாள். முகத்தில் கோபம் வரும் என்று பயந்திருந்தார். வந்தது வேறு. அவள் தன் கையைத் திருப்பி, முழங்கை மடிப்பைப் பார்த்தாள்.

"அப்போ எங்க உடம்புல இருக்கிற காவல்?"

"அது காவல் இல்லம்மா. நான் அனுப்பினது."

அவள் உள்ளே போனாள். மருமகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். மகள் கண்ணைத் திறந்து, "அப்பா வரலையா?" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. ஏறப்போனார். நர்ஸ் கையைப் பிடித்தாள். "இன்னும் நாலு வீடு இருக்கு ஐயா. உங்களை விட்டா எனக்கு யாரையும் தெரியாது."

வண்டி போயிற்று. இருவரும் நடந்தார்கள்.

பால்காரர் மாடியில் வாத்தியார் போர்வைக்குள் கிடந்தார். ஆறு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லையாம். சலவைக்காரம்மாவின் நாத்தனார் நன்றாகத்தான் இருந்தாள், அவளிடம் நர்ஸ் குனிந்து ஏதோ சொல்லிக் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். ஆசாரி மருமகள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள், காய்ச்சலோடு போனாள் என்றார்கள்.

கோடி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாவிக்காரர் தட்டினார். மறுபடி தட்டினார். பக்கத்து வீட்டம்மா தலையை நீட்டினாள்.

"யாரும் இல்ல. நேத்து மத்தியானமே குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. உடம்பு கொதிக்குதுன்னு. இன்னும் திரும்பி வரலை."

நர்ஸ் சாவிக்காரர் முகத்தைப் பார்க்காமல் அந்த வீட்டு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டாள். அவர் படியிலேயே உட்கார்ந்தார். மூடிய கதவுக்கு நேரே, யாராவது வருவார்கள் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.